ஐந்து வாரத்தில் ஆறு சம்பவம்: வைக்கோல் போருக்குத் தீ, நிழற்குடை உடைப்பு. எங்கள் ஊரில் என்ன செய்யலாம்?

கொள்ளிடக்கரையான் | 3 ஏப்ரல், இரவு 9:50

வணக்கம். எங்கள் ஊர் கொள்ளிடத்தின் தென்கரையில் இருக்கிறது. சுமார் 300 வீடு. ஊர்ப் பெயரை எழுதவில்லை, ஏன் என்று படித்தால் புரியும்.

சம்பா அறுவடை முடிந்து போர் போட்டு முடித்த கையோடு தொடங்கியது. மாசிக் கடைசியில் ஒரு ராத்திரி வாய்க்கால் கரைக் களத்தில் ஒரு போர் எரிந்தது. யாரோ பீடி போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டோம். அடுத்த வாரம் பேருந்து நிழற்குடையின் சிமெண்டு பெஞ்சை உடைத்து, சுவரில் பதித்த ஓடுகளையும் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்துக் குடிநீர்க் குழாய்கள், ஒரு ஜன்னல். பிறகு அதே கரையில் இன்னொரு போர். பத்து நாள் முன்பு கரையோரம் கடைசி வீட்டு வாசலில் நின்ற டிவிஎஸ் எக்ஸ்எல் எரிந்து எலும்புக்கூடாகிவிட்டது. இந்த ஐந்தும் இரவில் நடந்தவை. முந்தாநாள் பிற்பகல் கீழத்தெருவில் மூன்றாவது போர். அந்தக் குடும்பத்துக்கு நான்கு மாடு. வருஷம் முழுக்கத் தீனி அதுதான். தீயணைப்பு வண்டி 18 கிலோமீட்டர் தாண்டி வந்து சேர்வதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மூன்றாவது போர் எரிந்தபோது ஒரு பையன் அந்தப் பக்கமிருந்து சைக்கிளில் வேகமாகப் போனதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். வயது 15. காலனிப் பையன். அன்று மாலையே அவன் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. நானும் அதை வேறொரு குழுவுக்கு அனுப்பினேன். இரவு சிலர் அவன் வீட்டு வாசலில் போய்க் கத்தியிருக்கிறார்கள். விடிவதற்குள் அவனை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. தீ நிற்க வேண்டும், ஊரும் உடையாமல் இருக்க வேண்டும். கேமரா வைக்கலாமா, ராத்திரிக் காவல் போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெற்களம் | 3 ஏப்ரல், இரவு 10:31

அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. எங்கள் ஊரிலும் மூன்று வருஷம் முன்பு இதே கதை. போர் எரிந்தால் மாடு விற்க வேண்டி வரும், அது வெறும் வைக்கோல் இல்லை. ஆனால் ஒன்று. பார்த்த சாட்சி இருக்கும்போது ஏன் தயங்க வேண்டும்? போலீசில் கொடுங்கள். நாலு இடத்தில் கேமரா வையுங்கள். பயம் வந்தால்தான் நிற்கும்.

தீயணைப்பு_ஓய்வு | 4 ஏப்ரல், காலை 6:15

தம்பி, நான் தீயணைப்புத் துறையில் 31 வருஷம் இருந்துவிட்டு வந்தவன். பெரும்பாலும் டெல்டா பக்கம்தான் பணி. இந்தத் தீயை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். யார் என்று கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, ஆறு சம்பவத்தையும் எழுதுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம். அந்த இடத்தில் தெருவிளக்கு எரிந்ததா. காற்று எந்தப் பக்கம் அடித்தது. போர் எந்த மூலையில் முதலில் பிடித்தது, அடியிலா உச்சியிலா. மேலே மின்கம்பி போகிறதா. வைக்கோல் காய்ந்ததா, மழையில் நனைந்து போட்டதா.

இதைக் கேட்கக் காரணம் உண்டு. ஊரில் எரியும் எல்லாப் போருக்கும் ஆள்தான் காரணம் என்பது இல்லை. ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறும், சில வாரம் கழித்துத் தானே பற்றுவதும் உண்டு. தொய்ந்த மின்கம்பி இரண்டும் காற்றில் உரசினால் பொறி கொட்டும். தட்டைக்கு வைத்த தீ காற்றில் தாவி வரும். ஆள் வைத்த தீ பெரும்பாலும் கைக்கு எட்டும் உயரத்தில், பாதைப் பக்கம் தொடங்கும். கம்பிப் பொறி உச்சியில் பிடிக்கும். உள்சூட்டில் வந்தது என்றால் பிரித்துப் பார்க்கும்போது நடுவயிறு கருகியிருக்கும், வெளிப்பக்கம் பரவாயில்லாமல் இருக்கும்.

உங்கள் பட்டியலில் ஐந்து சம்பவம் இரவு, அந்தப் பையனைக் கோக்கும் ஆறாவது மட்டும் பிற்பகல். அது என்னை உறுத்துகிறது. போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வக்கீல்_தம்பி | 4 ஏப்ரல், மதியம் 1:05

ஐயா சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொள்ளிடக்கரை அண்ணன் இப்போது இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்.

தீ வைப்பது சின்னக் குற்றம் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 326ஆம் பிரிவின் எஃப் உட்பிரிவு தீ வைத்துப் பொருளை அழிப்பதற்கு 7 வருஷம் வரை தண்டனை சொல்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கு வைத்தால் ஜி உட்பிரிவு, 10 வருஷம் அல்லது ஆயுள் வரை போகலாம். பழைய இ.பி.கோ.வில் 435, 436 என்று இருந்தவை இவைதான். இது தவிர தமிழ்நாட்டுக்கென்று 1992இல் வந்த சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நிழற்குடை, பள்ளிக்குழாய் விஷயத்தில் போலீஸ் அதைத்தான் பெரும்பாலும் கையில் எடுக்கும்.

ஆனால் அண்ணா, அந்தப் படத்தை உடனே எல்லாக் குழுவிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை ஒரு வழக்கில் சிக்கினால், அவன் பெயர், படம், பள்ளி எதையும் எந்த வழியிலும் வெளியிடக் கூடாது என்று இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். உங்கள் விஷயத்தில் வழக்குகூட இல்லை, வெறும் சந்தேகம். நாளை அந்தப் பிள்ளை ஏதாவது செய்துகொண்டால் சட்டம் மட்டும் அல்ல, நீங்களே உங்களை மன்னிக்க மாட்டீர்கள்.

புகார் கொடுக்கும்போது "அடையாளம் தெரியாத நபர்" என்றே கொடுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனி. குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீதாவது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சீட்டாவது, வாங்குங்கள்.

கொள்ளிடக்கரையான் | 4 ஏப்ரல், இரவு 8:20

படத்தை நான் அனுப்பிய குழுவில் நீக்கிவிட்டேன். ஊர்க் குழுவின் அட்மினிடமும் பேசி நீக்கச் சொல்லிவிட்டேன். அதற்குள் எத்தனை போனில் இறங்கியிருக்குமோ.

புகார் விஷயம்: முதல் போருக்கே போனோம். "வைக்கோலுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட்டால் நாங்கள் வேறு வேலை பார்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். எந்த நிலையம் என்று இங்கே எழுதவில்லை.

வக்கீல்_தம்பி | 4 ஏப்ரல், இரவு 9:02

வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் அதே புகாரை எழுத்தில், பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட். மின்னஞ்சல் வழியாகவும் புகார் தரலாம், மூன்று நாளில் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சண்டைக்கு என்று நினைக்காதீர்கள். தபால் ரசீது கையில் இருந்தால் பேச்சு மாறும்.

எக்ஸ்எல் எரிந்தவருக்கும் சொல்லுங்கள்: மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் சொந்த வண்டி எரிந்ததற்குப் பணம் வராது. முழுக் காப்பீடு இருந்தால் காவல்துறைப் பதிவும் தீயணைப்புத் துறைச் சான்றும் கேட்பார்கள்.

பாலக்கோட்டுக்காரி | 5 ஏப்ரல், காலை 11:40

நான் தருமபுரி மாவட்டம். இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "காலனிப் பையன்" என்ற சொல்லைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2012 நவம்பர் 7 எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி என்று மூன்று குடியிருப்புகளில் ஒரே மாலையில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. ஒரு கலப்புத் திருமணத்தை ஒட்டி வந்த பகை. எரிந்தவை எல்லாம் தலித் மக்கள் வீடுகள். தீப்பெட்டி உரசியது அன்று மாலைதான், ஆனால் பேச்சு அதற்கு வாரக்கணக்கில் முன்பே உரசத் தொடங்கிவிட்டது. டீக்கடையில் யார் என்ன சொன்னார்கள், எந்தத் தெருக்காரர் எந்தத் தெருப் பக்கம் போவதை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் முன்பே தெரிந்த விஷயம்தான்.

உங்கள் ஊரில் அந்த அளவு என்று நான் சொல்லவில்லை அண்ணா. ஆனால் மூன்று போர் எரிந்ததைவிட, ஒரு கும்பல் ராத்திரியில் ஒரு தெருவுக்குள் போய் ஒரு வீட்டு வாசலில் கத்தியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தச் சாட்சியும் இல்லாமல் சந்தேகம் முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதைப் பாருங்கள்.

ராத்திரிக் காவல் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு தெரு ஆளும் இருக்க வேண்டும். ஒரு தெருக்காரர்கள் மட்டும் கம்பு எடுத்துச் சுற்றினால் அது காவல் ஆகாது, இன்னொரு தெருவுக்கு மிரட்டலாகத்தான் படும்.

நெற்களம் | 5 ஏப்ரல், மாலை 4:18

அக்கா, நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன பிறகு என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். "சாட்சி" என்று எழுதிவிட்டேன். சைக்கிளில் போனதைப் பார்த்தவன் தீ வைத்ததைப் பார்த்தவன் ஆகமாட்டான். அதை விட்டுவிடுகிறேன். கேமரா வேண்டும் என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

கேமரா_கடை | 5 ஏப்ரல், இரவு 10:55

கும்பகோணம் பக்கம் கேமரா மாட்டும் தொழில் எனக்கு. வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இருட்டில் சாதாரணக் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு எட்டுவது கொஞ்ச தூரம்தான். வாய்க்கால் கரையில் ஒரு கேமரா வைத்தால் ஆள் நடந்தது தெரியும், முகம் தெரியாது. வண்டி எண் வெள்ளையாக வெடித்துப் போகும். அதே கம்பத்தில் ஒரு நல்ல எல்இடி விளக்கு எரிந்தால் பாதி விலைக் கேமராவே முகம் காட்டும். அதனால் எங்கே போனாலும் நான் முதலில் விளக்கைத்தான் கேட்பேன்.

இன்னும் இரண்டு. ஒன்று, ரெக்கார்டரில் நேரம் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும். மின்சாரம் போய் வந்து, நேரம் எட்டு மணி நேரம் பின்னால் ஓடிய பெட்டியைக் கழற்றியிருக்கிறேன். அந்தப் பதிவை வைத்து யாரைக் குற்றம் சொல்ல? இரண்டு, ஹார்டு டிஸ்க் நிரம்பியதும் பழையதன் மேல் எழுதிவிடும், பல இடத்தில் 15 நாள்தான். சம்பவம் நடந்தால் அன்றே நகல் எடுக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போனால் நகலோடு சான்றிதழும் கேட்பார்கள், வக்கீல் சார் சொல்வார்.

சென்னையில் "மூன்றாவது கண்" என்று தெருத்தெருவாக வைத்தபோது பலன் இருந்தது, மறுக்கவில்லை. அங்கே ராத்திரியிலும் தெருவில் வெளிச்சம் உண்டு. உங்கள் பணம் குறைவு என்றால் பஸ் நிறுத்தத்தில் ஒன்று, பள்ளிக்கூட வாசலில் ஒன்று. மீதிப் பணத்தை விளக்குக்குப் போடுங்கள்.

கொள்ளிடக்கரையான் | 6 ஏப்ரல், இரவு 11:10

நோட்டு போட்டேன் ஐயா. என் தங்கை மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவள்தான் ஊர் வரைபடத்தைக் கையால் வரைந்து புள்ளி வைத்தாள். ஆறு பேரிடம் போய் உட்கார்ந்து பேசி எழுதினோம்.

இரவு நடந்த ஐந்தும் சனி அல்லது ஞாயிறு. நேரம் ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்குள். இடம் எல்லாம் நிழற்குடையிலிருந்து பள்ளிக்கூடம் வழியாக வாய்க்கால் கரை முடியும் ஒரே பாதையில். அந்தப் பாதையில் ஏழு கம்பத்தில் ஐந்தில் விளக்கு எரியவில்லை. பொங்கலுக்கு முன்பிருந்தே எரியவில்லையாம். நாங்கள் அந்தப் பக்கம் இரவில் போவதே இல்லை என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை.

இப்போது ஆறாவது. கீழத்தெருப் போருக்கு நேர் மேலே மின்கம்பி. நடுவில் நன்றாகத் தொய்ந்து கிடக்கிறது. போர் போட்டவரிடம் கேட்டேன். "உச்சியில் புகை வந்ததைத்தான் முதலில் பார்த்தேன், கீழே ஒன்றும் இல்லை" என்றார். அன்று பிற்பகல் புழுதிக் காற்று. லைன்மேனை அழைத்துக் காட்டினோம். கம்பியைப் பார்த்துவிட்டு, இரண்டும் உரசிய தடம் இருக்கிறது என்று அவரே சொன்னார். மறுநாள் இழுத்துக் கட்டி, நடுவில் இடைக்கட்டை போட்டுவிட்டார்கள்.

அந்தப் பையன் ஏன் வேகமாகப் போனான் என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். தீயைப் பார்த்து, அந்த வீட்டுக்காரர் வேலை செய்யும் வயலுக்குச் சொல்லப் போயிருக்கிறான். வயலில் அவர் இல்லை. திரும்பி வரும்போது கூட்டம் சேர்ந்து கத்துவதைப் பார்த்துப் பயந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. 

தீயணைப்பு_ஓய்வு | 7 ஏப்ரல், காலை 5:50

தம்பி, நோட்டில் எழுதிய அந்த ஆறு வரி போதும். இனி மீதி ஐந்தைப் பார்ப்போம்.

ஒரு தீயைத் தடுக்க மூன்று வழி: எரியும் பொருளை நகர்த்து, பற்ற வைப்பதை எடு, மறைவைக் கலை. ஆள் யார் என்று தெரியாமலே மூன்றையும் செய்யலாம்.

போர் பாதையோரம் இருக்க வேண்டாம். களத்தில் இடம் இல்லை என்றால் ஒரே மலையாகப் போடாமல் மூன்று சின்னப் போராக, நடுவில் ஐம்பது அடியாவது விட்டுப் போடுங்கள். ஒன்று போனால் இரண்டு மிஞ்சும். சுற்றிலும் ரொட்டவேட்டர் விட்டு மண்ணைப் பெயர்த்து வைத்தால் தரைத்தீ தாண்டாது. மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் போர் போடுவதை எத்தனை சொன்னாலும் நம் மக்கள் விடுவதில்லை. கயிற்றில் கட்டிய மாடு தீயில் எப்படிக் கத்தும் என்று நான் கேட்டிருக்கிறேன், உங்களில் யாரும் கேட்க வேண்டாம்.

பற்றிய போர் மேல் ஏறாதீர்கள். உள்ளே பொந்தாகிவிடும், ஆளை விழுங்கும். மேலே தண்ணீர் ஊற்றினால் கூரையில் ஊற்றிய மாதிரி வழிந்து ஓடும். காற்றடிக்கும் திசையில் இருக்கிற பக்கத்துப் போரையும் கூரையையும் முதலில் நனையுங்கள். அப்புறம் நீளக் கொக்கிக் கழியால் ஓரத்திலிருந்து இழுத்து இழுத்து அணைக்க வேண்டும். அணைந்ததாக நினைத்துப் போய்விட்டால் இரண்டாம் நாளும் புகையும். பூச்சி மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர், டிராக்டர் டேங்கர், ஆயில் இன்ஜின், இவை யார் யார் வீட்டில் இருக்கின்றன, சாவி யாரிடம் என்று எழுதி டீக்கடையில் ஒட்டுங்கள். எங்கள் வண்டி வரும் வரை அந்த நாற்பது நிமிஷம் உங்கள் கையில்தான் இருக்கிறது. 101 அல்லது 112க்கு முதலில் அடிக்க வேண்டும், அணைத்துப் பார்த்துவிட்டு அடிக்கலாம் என்று நினைக்கக் கூடாது.

பற்ற வைப்பது எது என்று பார்த்தால் எக்ஸ்எல் எரிந்தது பெட்ரோலாகத்தான் இருக்கும். ஊரில் பெட்டிக்கடையில் பாட்டிலில் பெட்ரோல் விற்கிறார்களா?

டெட்ராய்ட்_குமரன் | 7 ஏப்ரல், காலை 8:33

ஐயாவின் கடைசிக் கேள்வியைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். மன்னார்குடிக்காரன், மிச்சிகனில் இருபது வருஷமாக இருக்கிறேன்.

டெட்ராய்ட்டில் அக்டோபர் 30ஆம் தேதி இரவை டெவில்ஸ் நைட் என்பார்கள். ஒரு காலத்தில் பிள்ளைகள் ஜன்னலில் சோப்புத் தேய்த்துக் குறும்பு செய்யும் ராத்திரி. 70, 80களில் அது தீ வைக்கும் ராத்திரியாக மாறியது. 1984இல் மூன்று நாளில் 800க்கு மேல் தீ. ஆலை மூடி, ஆள் கிளம்பிப்போய், தெருத்தெருவாகக் காலி வீடு. வைப்பவர்களில் விளையாட்டுப் பிள்ளைகளும் உண்டு, காப்பீட்டுப் பணத்துக்காக வைத்தவர்களும் உண்டு என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள்.

நகராட்சி பல வருஷம் ஆள் திரட்டிக் குறைத்தது. 1994இல் கொஞ்சம் அசந்தார்கள், தீ திரும்ப ஏறியது. 1995இல் மேயர் டென்னிஸ் ஆர்ச்சர் அந்த இரவுக்கு ஏஞ்சல்ஸ் நைட் என்று பெயரையே மாற்றினார். பல்லாயிரம் பேர் தொண்டர்களாகத் தங்கள் தெருவிலேயே இரவு சுற்றினார்கள். வண்டி மேல் மஞ்சள் சுழல்விளக்கு, வாசல் விளக்கை அணைக்கக் கூடாது, ஒரு காலி வீட்டை ஒரு குடும்பம் கண் வைத்துக்கொள்வது, சிறுவர்களுக்கு இரவுக் கட்டுப்பாடு. அதோடு அந்த நாள்களில் கேனில் பெட்ரோல் விற்கத் தடை. அந்தத் தொண்டர்கள் யாரையும் பிடிக்கவில்லை, அடிக்கவில்லை. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் காட்டினார்கள், பார்த்ததைச் சொன்னார்கள். 2010களின் கடைசியில் அந்த ஏற்பாடு தேவையில்லை என்று நிறுத்தும் அளவுக்குத் தீ இறங்கிவிட்டது.

பெரிய நகரத்துக் கதைதான். ஆனால் வேலை நடந்தது ஒவ்வொரு தெருவாகத்தான், 300 வீடு 300 வீடாக.

மணி_டீச்சர் | 7 ஏப்ரல், இரவு 9:14

அரசுப் பள்ளியில் 22 வருஷமாக இருக்கிறேன். குழாய் உடைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குழாயும் ஜன்னலும் உடைப்பது பெரும்பாலும் அதே பள்ளியில் படித்த பிள்ளைகள்தான். பாதியில் நின்றவர்கள், வகுப்பில் எல்லார் முன்னாலும் அடியோ அவமானமோ பட்டவர்கள். எங்கள் பள்ளியில் கழிப்பறைக் கதவை மூன்று தடவை உடைத்த பையனை நான்காவது தடவை பிடித்தோம். தலைமையாசிரியை போலீசுக்குப் போகாமல், அவன் அப்பா தச்சு வேலை என்பதால் இருவரையும் அழைத்து அந்தக் கதவைச் செய்யச் சொன்னார், கூலியும் கொடுத்தார். அந்தக் கதவு இன்றும் இருக்கிறது. 

தீ வேறு விஷயம். திரும்பத் திரும்பத் தீ வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தால் ஒளிந்து வைக்கும். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தால் குழந்தைகள் நலக் குழு, ஆலோசகர் வழி கிடைக்கும்.

அப்புறம், உடைந்ததை அன்றே சரி செய்யுங்கள். உடைந்த ஜன்னல் ஒரு மாதம் அப்படியே கிடந்தால் அடுத்த ஜன்னலுக்குக் கல் தேட வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கு அது யாருக்கும் வேண்டாத இடம் என்று தோன்றிவிடும்.

கொள்ளிடக்கரையான் | 4 மே, இரவு 10:05

தாமதத்துக்கு மன்னிக்கவும். நிறைய நடந்துவிட்டது.

முதலில் அந்தப் பையன் வீடு. நாங்கள் எட்டுப் பேர் போனோம், அன்று கத்தியவர்களில் மூன்று பேரும் வந்தார்கள். போர் எரிந்தவரே முன்னால் நின்று, "என் வைக்கோலைக் காப்பாத்த ஓடின புள்ளையை விரட்டிட்டோம்" என்று சொன்னார். அவன் அப்பா எதுவும் பேசவில்லை. திண்ணையில் உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். குழுவில் மின்கம்பி விஷயத்தைப் படத்தோடு போட்டு, தவறு எங்களுடையது என்று எழுதினேன். பையன் இரண்டு நாள் கழித்து வந்தான். என்னைப் பார்த்தால் இன்னும் தலையைத் திருப்பிக்கொள்கிறான். அது அவன் உரிமை.

விளக்கு: ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்து இப்போது தனி அலுவலர் பொறுப்பு, யாரிடம் கேட்பது என்றே பலருக்குத் தெரியவில்லை. ஊராட்சிச் செயலரிடம் கம்ப எண்ணோடு எழுதிக் கொடுத்தோம். மே 1 கிராம சபையில் தீர்மானமாக வைத்தோம். கம்ப எண் எழுதியதுதான் வேலை செய்தது, "அந்தப் பக்கம் விளக்கு எரியவில்லை" என்று பொதுவாகச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஐந்தும் எரிகின்றன.

பெட்டிக்கடை இரண்டும் பாட்டில் பெட்ரோலை நிறுத்திவிட்டன. ஒரு கடைக்காரம்மா, "சனிக்கிழமை ராத்திரி ரெண்டு தடவை வாங்கிட்டுப் போனாங்க, வண்டி நின்னுடுச்சுன்னாங்க" என்றார். யார் என்பதை இன்ஸ்பெக்டரிடம் மட்டும் சொல்லுங்கள் என்றோம். வக்கீல் தம்பி சொன்னபடி தபாலில் அனுப்பிய புகாருக்குப் பிறகுதான் அவர் ஊருக்கே வந்தார்.

அதில் தெரிந்தது: எக்ஸ்எல்லும் கரையில் எரிந்த இரண்டாவது போரும் ஒரே குடும்பத்துடையவை. பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு. நான்கு வருஷமாக நடக்கிறது, ஊருக்கே தெரியும், யாரும் உட்கார்த்திப் பேசவில்லை. வழக்குப் பதிவாகியிருக்கிறது, அதற்கு மேல் எழுதக் கூடாது. நில அளவையருக்கு மனு கொடுக்க வைத்திருக்கிறோம், அளந்து கல் நட்டால் பாதி கோபம் குறையும்.

குழாயும் நிழற்குடையும் விடுமுறைக்கு வந்த நான்கு பையன்கள். மூன்று தெருவிலிருந்தும் உண்டு, என் சித்தப்பா பேரன் உட்பட. டீச்சர் எழுதியதைத் தலைமையாசிரியரிடம் படித்துக் காட்டினேன். பெற்றோர் பொருள் வாங்கித் தந்தார்கள், பையன்கள் கொத்தனாரோடு நின்று பெஞ்சைக் கட்டினார்கள். முதல் போர் எப்படி எரிந்தது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

பாலக்கோட்டுக்காரி | 5 மே, காலை 7:22

காவல் போட்டீர்களா அண்ணா?

கொள்ளிடக்கரையான் | 5 மே, இரவு 9:30

சனி, ஞாயிறு மட்டும் அம்மா, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. இரண்டு தெருவிலிருந்தும் ஒவ்வொருவர், டார்ச்சும் விசிலும்தான், கம்பு கிடையாது. யாரையும் நிறுத்திக் கேட்கக் கூடாது, பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். முதல் வாரம் ஜோடியாக நடந்தவர்கள் பேசிக்கொள்ளவே இல்லையாம். மூன்றாம் வாரம் ஒருவர் மற்றவர் வீட்டில் காபி குடித்துவிட்டு நேரம் போனது தெரியாமல் தாமதமாக வந்தார்கள். 

நெற்களம் | 5 மே, இரவு 10:12

அந்த நோட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றைப் படம் எடுத்துப் போடுங்கள் அண்ணா, பெயர்களை மறைத்துவிட்டு. எங்கள் ஊரில் இந்த வாரமே தொடங்குகிறேன். மூன்று வருஷம் முன்பு நாங்கள் ஒருவனை அடித்து ஊரைவிட்டே அனுப்பினோம். அவன் போன பிறகும் ஒரு போர் எரிந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கொள்ளிடக்கரையான் | 6 அக்டோபர், மாலை 6:45

தீயணைப்பு ஐயாவுக்கு ஒரு கேள்வி. மேயிலிருந்து இன்றுவரை தீ எதுவும் இல்லை. இப்போது குறுவை அறுவடை நடக்கிறது, இரண்டு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்ததில் வைக்கோல் சரியாகக் காயவில்லை. கீழத்தெருக்காரர் இந்தத் தடவை கம்பியை விட்டுத் தள்ளி இடம் பார்த்துவிட்டார். ஆனால் ஈரத்தோடு போர் போடலாமா என்று கேட்கிறார். பெரிய மழை வந்துவிட்டால் இதுவும் போய்விடும் என்று அவசரப்படுகிறார்.

தீயணைப்பு_ஓய்வு | 6 அக்டோபர், இரவு 7:30

வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மடமடவென்று ஒடிந்தால் போடலாம், கயிறு மாதிரி முறுக்கேறினால் இன்னும் ஈரம். இரண்டு வெயிலாவது பரப்பிக் காயட்டும், மழை வந்தால் தார்ப்பாய் மூடி, விட்டதும் திறந்துவிட வேண்டும்.

கட்டாயம் போட்டே ஆக வேண்டும் என்றால் இடுப்பளவு உயரத்துக்கு மேல் போகாமல் சின்னச் சின்னதாகப் போடட்டும். நடுவில் ஆறடி இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி வையுங்கள். முதல் மூன்று வாரம் தினமும் காலையில் உருவி, உள்ளே இருந்த நுனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே கலைக்கக் கூடாது, காற்றுப் பட்டால் குப்பென்று பிடிக்கும். முதலில் பக்கத்தில் தண்ணீரும் ஸ்பிரேயரும் ஆளும் நிறுத்திவிட்டு, 101க்குச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் பிரிக்க வேண்டும். 

கம்பியைத் தொட்டுப் பார்க்கிற வேலையை யார் செய்வது என்று இன்றே ஒரு பெயர் எழுதிவிடுங்கள்.

கொள்ளிடக்கரையான் | 6 அக்டோபர், இரவு 8:55

எழுதியாகிவிட்டது ஐயா. அந்தப் பையன் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.